மண்ணில் வரைந்த வண்டியும் மனதில் ஓடிய டர்பைனும்



தெர்மல் இன்ஜினீயரிங் பேப்பரில் ஓப்பன் சைக்கிள் கேஸ் டர்பைன் படம் போடாத ஆள் நம்மில் யாரும் இருக்க முடியாது. இடது பக்கம் கம்ப்ரஸர், மேலே கம்பஷன் சேம்பர், வலது பக்கம் டர்பைன், நடுவில் ஒரு ஷாஃப்ட். ஸ்கேல் வைத்து நாலு கோடு இழுத்து, அம்புக்குறி போட்டு, பாகத்துக்குப் பேர் எழுதினால் மார்க் வந்து விழும். பரீட்சை முடிந்ததும் அதை மறந்தும் விடுவோம்.

அந்தப் படத்தை ஒரு காரின் சீட்டுக்குப் பின்னால் பொருத்தி, நிஜமாகவே ரோட்டில் ஓட்டிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். உலகத்திலேயே முதலில் அதைச் செய்தது இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி. வருஷம் 1950. அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் மாரிஸ் வில்க்ஸ்.

பேரைக் கேட்டதும் யாரோ என்று நினைப்பீர்கள். ஆனால் அவர் செய்த இன்னொரு வண்டி நமக்கு நன்றாகத் தெரியும். லேண்ட் ரோவர்! மலைக்காடு, பாலைவனம், தேயிலைத் தோட்டம், ராணுவ முகாம் என்று அது போகாத இடம் இல்லை. ஒரே மனிதர், இரண்டு வண்டிகள். ஒன்றை எதிர்காலம் இதுதான் என்று நம்பி வருஷக்கணக்கில் செதுக்கினார். இன்னொன்றைக் கஷ்ட காலத்தைச் சமாளிக்க அவசரமாகச் செய்தார். எது நின்றது, எது போனது என்பதுதான் இந்தக் கதை. ப்ராஜெக்ட் செய்யப் போகிற நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

அண்ணன் காட்டிய வழி

மாரிஸ் வில்க்ஸ் பிறந்தது 1904 ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் ஹேலிங் தீவில். அண்ணன் ஸ்பென்ஸர் வில்க்ஸ் அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். அண்ணனுக்கு நிர்வாகம் கைவந்த கலை. தம்பிக்கோ மெஷினைக் கண்டால் மற்றதெல்லாம் மறந்து போகும். கூச்ச சுபாவம், அதிகம் பேச மாட்டார். மேடையில் நிற்பதைவிட டிராயிங் போர்டு முன்னால் நிற்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை.

இருபது வயது தாண்டியதும் அமெரிக்கா போய் 1926 முதல் 1928 வரை ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தார். பெரிய அளவில் கார் தயாரிப்பது எப்படி என்பதை அங்கே நேரில் பார்த்தார். திரும்பி வந்து அண்ணன் இருந்த ஹில்மேன் கம்பெனியில் சேர்ந்தார். 1929-ல் அண்ணன் ரோவருக்கு மாறினார். அடுத்த வருஷம் தம்பியும் அங்கே வந்து சேர்ந்தார். அப்போது ரோவரின் நிலைமை சரியில்லை. கையில் பணம் இல்லை, விற்பனையும் இல்லை. அண்ணன் கணக்கைச் சரி செய்தார், தம்பி காரைச் சரி செய்தார். எண்ணிக்கையைக் குறைத்து, தரத்தைக் கூட்டி, டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி வாங்குகிற கார் என்று ரோவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தார்கள்.

விட்டில் போட்ட விதை

அடுத்து வருகிறது இரண்டாம் உலகப் போர். இங்கே இன்னொரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. அவர் ஃபிராங்க் விட்டில், ஜெட் இன்ஜினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். மெக்கானிக் ஒருவரின் மகன். விமானப் படையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். 1930-ல் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டார். 1935-ல் அதைப் புதுப்பிக்க வெறும் ஐந்து பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. அரசாங்கம் அதைத் தர மறுத்தது, அவர் கையிலும் பணம் இல்லை. பேட்டன்ட் காலாவதியாகிப் போச்சு! அப்படியும் அவர் விடவில்லை. 1937-ல் இன்ஜின் ஓடியது. 1941 மே 15 அன்று அவர் இன்ஜினை வைத்து இங்கிலாந்தின் முதல் ஜெட் விமானம் பறந்தது.

அந்த இன்ஜினைத் தொழிற்சாலையில் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பை அரசாங்கம் 1940-ல் ரோவரிடம் ஒப்படைத்தது. லங்காஷையர் பக்கம் பார்னால்ட்ஸ்விக், கிளித்தரோ என்று இரண்டு ஊர்களில், பழைய பஞ்சு மில் கட்டிடங்களில் வேலை ஆரம்பமானது. மாரிஸ் வில்க்ஸ் முதன்முதலாக கேஸ் டர்பைனைத் தொட்டது அப்போதுதான்.

தொட்டதும் தகராறும் ஆரம்பித்தது. விட்டிலுடைய இன்ஜினில் காற்று நேராகப் போகாது. கம்ப்ரஸரிலிருந்து வந்து, வளைந்து திரும்பி, எரிந்து, மறுபடி வளைந்துதான் டர்பைனுக்குள் போகும். இதனால் ஷாஃப்டின் நீளம் குறையும், அதுதான் அதில் லாபம். மாரிஸுக்கு அது சுற்று வழியாகப் பட்டது. காற்று ஒரே நேராகப் போகிற மாதிரி வேறு டிசைன் போட ஆரம்பித்தார். விட்டிலிடம் ஒரு வார்த்தை சொல்லாமலேயே அவருடைய ஆட்கள் அதை வரைந்து முடித்தார்கள். விஷயம் தெரிந்ததும் விட்டில் கொதித்துப் போனார். பத்து வருஷம் உயிரைக் கொடுத்து உருவாக்கியதை முதுகுக்குப் பின்னால் மாற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது?

இதில் யார் பக்கம் நியாயம்? இன்ஜினீயரிங் கணக்கில் பார்த்தால் மாரிஸ் பக்கம். நேராகக் காற்று போகும் அந்த டிசைன்தான் பின்னால் ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் இன்ஜினாக வந்தது. மனித தர்மத்தில் பார்த்தால் விட்டில் பக்கம். கண்டுபிடித்தவரைக் கேட்காமல் செய்தது சரியில்லை. சண்டையில் நாள் போனதே தவிர இன்ஜின் வெளியே வரவில்லை. நாடோ போரில் இருந்தது.

ஒரு சாப்பாட்டு மேஜையில் நடந்த பண்டமாற்று

1942 கடைசியில் ஒரு ராத்திரி. கிளித்தரோவில் ஸ்வான் அண்ட் ராயல் என்கிற விடுதியில் மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரோல்ஸ் ராய்ஸின் எர்னஸ்ட் ஹைவ்ஸ், அதே கம்பெனியின் ஸ்டான்லி ஹூக்கர், ரோவரின் ஸ்பென்ஸர் வில்க்ஸ். சாப்பாடு முடிவதற்குள் பேச்சு முடிந்தது. ஜெட் இன்ஜின் வேலையை ரோவர் ரோல்ஸ் ராய்ஸுக்குக் கொடுத்துவிடும். பதிலுக்கு நாட்டிங்காமில் ரோல்ஸ் ராய்ஸ் செய்துகொண்டிருந்த மீட்டியர் டாங்கி இன்ஜின் வேலையை ரோவர் எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். 1943-ல் கைமாறியது.

ரோல்ஸ் ராய்ஸ் ஜெட்டில் எங்கேயோ போய்விட்டது. ரோவரும் டாங்கி இன்ஜின்களை ஒழுங்காகச் செய்து கொடுத்தது. கம்பெனி மட்டத்தில் எல்லாருக்கும் நல்ல முடிவுதான். ஆனால் தம்பி மாரிஸ் மனசிலிருந்து டர்பைனை எடுக்க முடியவில்லை. பாதியில் பிடுங்கப்பட்ட வேலை அல்லவா! ஆகாயத்தில் பறப்பதை ரோட்டில் ஓட வைத்தால் என்ன என்று யோசித்தார். போர் முடிந்ததுமே ரோல்ஸ் ராய்ஸிலிருந்து டர்பைன் தெரிந்த இளைஞர்களை அழைத்து வந்து ஒரு சின்னக் குழு அமைத்தார். அதில் ஒருவர் ஸ்பென்ஸர் கிங். வில்க்ஸ் சகோதரர்கள் அவருக்கு மாமன் முறை. அப்போது அவருக்கு இருபது வயதுதான்.

கடற்கரை மணலில் ஒரு படம்

டர்பைன் ஒரு பக்கம் கருவில் இருக்கட்டும். கம்பெனி சோறு சாப்பிட வேண்டாமா? கவன்ட்ரி தொழிற்சாலை குண்டுவீச்சில் நாசமாகிவிட்டதால் ரோவர் சோலிஹல் ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தது. நாட்டில் எஃகுத் தட்டுப்பாடு. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் எஃகு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ரோவர் செய்வதோ உள்ளூர்ப் பணக்காரர்களுக்கான கார். யார் வெளிநாட்டில் வாங்குவார்கள்?

வேல்ஸ் நாட்டு ஆங்கில்ஸி தீவில் மாரிஸுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே வேலைக்குப் பழைய அமெரிக்க ராணுவ ஜீப் ஒன்றை வைத்திருந்தார். ஏர் இழுக்கும், மரம் இழுக்கும், மணலில் ஓடும். இந்த ஜீப் தேய்ந்து போனால் அடுத்து என்ன வாங்குவாய் என்று அண்ணன் ஒருநாள் கேட்டார். இன்னொரு ஜீப்தான், வேறு எது இருக்கிறது என்றார் தம்பி. கேட்டவருக்கும் சொன்னவருக்கும் சட்டென்று பொறி தட்டியது. இல்லை என்றால் நாமே செய்தால் என்ன?

1947-ல் ரெட் வார்ஃப் பே என்கிற கடற்கரையில் ஈர மணலில் குச்சியால் மாரிஸ் அந்த வண்டியின் உருவத்தைக் கோடு போட்டுக் காட்டினார் என்று சொல்வார்கள். அலை வந்து படத்தை அழித்திருக்கும். வண்டி அழியவில்லை. ஜீப் சேஸிஸ் ஒன்றை எடுத்து, கையில் இருந்த ரோவர் இன்ஜினை வைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். எஃகு கிடைக்காததால் பாடிக்கு அலுமினியக் கலவைத் தகடு. பிரஸ் டூல் செய்யப் பணம் இல்லாததால் எல்லாம் தட்டையான பலகை மாதிரி வடிவம், ஷீட் மெட்டல் ஷாப்பில் கையால் மடிக்கிற மாதிரி. பெயின்ட் கூட ராணுவத்தில் மிஞ்சிய பச்சை. இல்லாமையே டிசைன் ஆகிப்போன கதை இது!

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளியே வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 50 குதிரைத் திறன். இரண்டு மூன்று வருஷம் கஷ்ட காலத்தை ஓட்டினால் போதும், அப்புறம் பழையபடி கார் செய்யலாம் என்பதுதான் திட்டம். விவசாயி வாங்கினான், ராணுவம் வாங்கியது, உலகமே வாங்கியது. 1959-க்குள் இரண்டரை லட்சம் வண்டிகள்! தற்காலிகமாகப் போட்ட பந்தல் நிரந்தர மாளிகை ஆனது.

ஜெட் 1

அந்தப் பணம்தான் டர்பைன் ஆராய்ச்சிக்கும் தெம்பு கொடுத்தது. 1950 மார்ச் மாதம். ரோவர் 75 காரை அடிப்படையாக வைத்துச் செய்த இரண்டு சீட் திறந்த வண்டி பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்து நின்றது. நம்பர் பிளேட் ஜெட் 1. டர்பைன் சீட்டுக்குப் பின்னால். பக்கத்தில் காற்று உள்ளே போக வழி, வால் பக்கம் மேலே புகை போக வழி. கிளட்ச் கிடையாது, கியரை மாற்றிக்கொண்டே இருக்கிற வேலையும் கிடையாது. ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. இரண்டே இரண்டு பெடல், ஒன்று ஓட, ஒன்று நிற்க. பெட்ரோலும் ஊற்றலாம், மண்ணெண்ணெயும் ஊற்றலாம், டீசலும் ஊற்றலாம்.

இது எப்படி என்று கேட்பீர்கள். நம் படத்தில் கம்ப்ரஸரும் டர்பைனும் ஒரே ஷாஃப்டில் இருக்கும். ஜெட் 1-ல் டர்பைன் இரண்டு. முதல் டர்பைன் கம்ப்ரஸரை மட்டும் சுழற்றும். அதைத் தாண்டி வரும் சூடான வாயு, தனி ஷாஃப்டில் இருக்கும் இரண்டாவது டர்பைனைச் சுழற்றி சக்கரத்துக்குச் சக்தி தரும். இரண்டுக்கும் நடுவில் இரும்புப் பிணைப்பு எதுவும் இல்லை, காற்றுதான் பிணைப்பு. ஒரு மின்விசிறிக்கு எதிரே இன்னொரு விசிறியை வைத்தால் இரண்டாவதும் சுற்றுமே, அந்த மாதிரி. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது இரண்டாவது டர்பைன் சும்மா நிற்கலாம், முதல் டர்பைன் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கிளட்ச் வேண்டியதில்லை.

சாதாரண கார் இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றினாலே அலறும். இதன் கம்ப்ரஸர் நிமிஷத்துக்கு 40,000 சுற்று! சும்மா நிற்கும்போதே 13,000. முதல் சோதனையில் மணிக்கு 142 கிலோமீட்டர் வேகம் தொட்டது. இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் இந்தச் சாதனைக்காக ரோவருக்கு டியூவர் கோப்பையைக் கொடுத்து கௌரவித்தது. 1952 ஜூனில் பெல்ஜியத்தில் ஜாபெக் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய், இளைஞர் ஸ்பென்ஸர் கிங்கே ஓட்டினார். மணிக்கு 152 மைலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 245 கிலோமீட்டர். டர்பைன் காருக்கு அன்று அது உலக சாதனை.

ரோவரைப் பார்த்து உலகமே கிளம்பிவிட்டது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஃபயர்பேர்டு, இத்தாலியில் 1954-ல் ஃபியட் டர்பினா, பிரான்சில் 1956-ல் ரெனோ எத்துவால் ஃபிலான்ட் என்று வரிசையாக வந்தன. இன்னும் பத்து வருஷத்தில் பிஸ்டன் இன்ஜின் மியூசியத்துக்குப் போய்விடும் என்று பத்திரிகைகள் எழுதின.

யானைப் பசி

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

முதல் எதிரி, எண்ணெய்ச் செலவு. டர்பைன் எடுக்கிற சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கம்ப்ரஸரே விழுங்கிவிடும். மிச்சம்தான் நமக்கு. முழு லோடில் ஓடும்போது இது தெரியாது. விமானமும் பவர் ஹவுஸும் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடுகிறவை, அவற்றுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கார்? சிக்னலில் நிற்கும், மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊரும், முழு சக்தியைத் தொடுவது எப்போதாவதுதான். நிற்கும்போதும் 13,000 சுற்றுக்கு எண்ணெய் போட்டுத்தான் ஆக வேண்டும். ஜெட் 1 ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான் கொடுத்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுகிற கதைதான்.

இரண்டாவது, தயக்கம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கம்ப்ரஸர் வேகம் ஏறிய பிறகுதான் வண்டி பாயும். ஓவர்டேக் செய்யும்போது அந்த ஒன்றிரண்டு விநாடி உயிர் விஷயம். காலை எடுத்தாலும் பிஸ்டன் இன்ஜின் மாதிரி வண்டியை இழுத்துப் பிடிக்காது, முழு பாரமும் பிரேக்கின் தலையில்தான்.

மூன்றாவது, விலை. செக்கச் சிவக்கும் சூட்டில் 40,000 சுற்று சுற்றும் பிளேடுக்குச் சாதாரண எஃகு தாங்காது, நிக்கல் கலவை உலோகம் வேண்டும். அதோடு டர்பைனைச் சின்னதாக்கினால் அதன் திறனும் குறைந்துவிடும். பிளேடு நுனிக்கும் உறைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அதே அளவுக்குச் சின்னதாக்க முடியாது. அதன் வழியாகக் காற்று நழுவி ஓடிவிடும். பெரிய டர்பைனில் ஒழுகுவது சொட்டு, சின்ன டர்பைனில் ஒழுகுவது ஓடை.

மாரிஸுக்கு இதெல்லாம் தெரியாததா? நன்றாகத் தெரியும். நம் சிலபஸில் வரும் ரீஜெனரேட்டரைத்தான் அவரும் நம்பினார். வெளியே வீணாகும் புகையின் சூட்டைக் கொண்டு உள்ளே வரும் காற்றை முன்கூட்டியே சூடாக்கினால் அந்த அளவுக்கு எண்ணெய் மிச்சம். நாம் ஒரு பெட்டி வரைந்து காட்டிவிட்டுப் போகிறோம். அந்தப் பெட்டியைச் சின்னதாக, லேசாக, வெடிக்காததாகச் செய்ய அவர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். 1956-ல் டி-3 வந்தது. ஃபைபர் கிளாஸ் பாடி, நாலு சக்கரத்துக்கும் சக்தி, 110 குதிரைத் திறன், கூடவே ஹீட் எக்ஸ்சேஞ்சர். மைலேஜ் இரண்டு மடங்காகி, லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கிட்ட வந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதே வேலையைப் பழைய பிஸ்டன் இன்ஜின் அதைவிடக் குறைந்த எண்ணெயில் சாவகாசமாகச் செய்துகொண்டிருந்தது. 1961-ல் டி-4 வந்தது. 140 குதிரைத் திறன், டர்பைன் முன்பக்கம், பார்க்க அழகான குடும்பக் கார். அடுத்த வருஷம் அமெரிக்காவுக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள். எல்லாரும் பாராட்டினார்கள். விலை போட்டுப் பார்த்தால் யாரும் வாங்க முடியாது.

பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு வண்டியும் முந்தியதைவிட நன்றாக இருந்தது. ஆனால் ஒன்றுகூடக் கடைக்குப் போகவில்லை. இதைத் தாங்குவதற்கு ஒரு மனது வேண்டும், நண்பர்களே. ஒரு செமஸ்டரில் அரியர் விழுந்தாலே நாம் இடிந்து போகிறோம்!

கடைசி வருஷம்

1962-ல் மாரிஸ் ரோவர் கம்பெனியின் தலைவர் ஆனார். அடுத்த வருஷம் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். ஒரு டர்பைன் கார் சராசரி 150 கிலோமீட்டர் வேகத்தில் 24 மணி நேரமும், அதாவது 3,600 கிலோமீட்டர், ஓடி முடித்தால் தனிப் பரிசு என்று பந்தயக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். பி.ஆர்.எம். என்கிற பந்தயக் கார் கம்பெனியோடு ரோவர் கைகோர்த்தது. அடிபட்டுக் கிடந்த ஒரு ஃபார்முலா ஒன் காரின் சேஸிஸில் ரோவர் டர்பைனைப் பொருத்தினார்கள். எண் 00. ஓட்டியவர்கள் கிரஹாம் ஹில், ரிச்சி கின்தர். ஹில் அப்போது உலக சாம்பியன்.

1963 ஜூன். மற்ற கார்கள் உறுமிக்கொண்டு போக, இது விமானம் மாதிரி விசில் அடித்துக்கொண்டு போனது. ராத்திரி முழுக்க ஓடியது. பெரிய பெரிய கார்கள் இன்ஜின் உடைந்து ஓரம் கட்டின. இது நிற்கவில்லை. 24 மணி நேரம் முடிந்தபோது சராசரி வேகம் மணிக்கு 173 கிலோமீட்டர், ஓடிய தூரம் 4,100 கிலோமீட்டருக்கு மேல். போட்டிக் கணக்கில் சேர்த்திருந்தால் எட்டாவது இடம். பரிசு கிடைத்தது. சின்ன டர்பைன் ஒன்று காரில் 24 மணி நேரம் தாங்கும் என்பது நிரூபணம் ஆனது.

அதற்கு மூன்றே மாதம் கழித்து, 1963 செப்டம்பர் 8 அன்று, ஆங்கில்ஸி தீவில் தன் வீட்டில் மாரிஸ் வில்க்ஸ் காலமானார். வயது 59. மணலில் படம் போட்ட அதே தீவு.

அடுத்த மாதம் ரோவர் 2000 என்ற புதுக் கார் வெளியானது. டி-4 காரில் சோதித்துப் பார்த்த பாடிதான் அது. பிற்பாடு டர்பைன் வைக்க வசதியாக இருக்கட்டும் என்று முன்பக்கம் அகலமாக இடம் விட்டு டிசைன் செய்திருந்தார்கள். அந்த இடத்துக்கு டர்பைன் வரவே இல்லை. ஆனால் கார் பிரமாதமாக அமைந்தது. ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டது இதற்குத்தான், 1964-ல். பார்க்கத்தான் மாரிஸ் இல்லை.

மிச்சம் இருப்பது

1965-ல் ரோவர் பி.ஆர்.எம். மறுபடி லெ மான் ஓடியது. இம்முறை செராமிக் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து. கிரஹாம் ஹில்லும் ஜாக்கி ஸ்டூவர்ட்டும் ஓட்டினார்கள். பிளேடு அடிபட்டும்கூடப் பத்தாவதாக வந்தது. அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பெனி 50 டர்பைன் கார்களைச் செய்து, 1963 முதல் 1966 வரை 203 சாதாரணக் குடும்பங்களுக்கு மாறி மாறி ஓட்டக் கொடுத்தது. முன்மாதிரி ஐந்தையும் சேர்த்து மொத்தம் 55 வண்டி. திட்டம் முடிந்ததும் ஒன்பது தவிர மற்ற 46 வண்டிகளையும் அழித்துவிட்டார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. யானைப் பசி உள்ள இன்ஜினை யார் வளர்ப்பார்கள்? கதை முடிந்தது.

முடிந்ததா? ரோவர் அந்தக் காலத்தில் செய்த சின்ன டர்பைன்கள் தீயணைப்பு பம்புகளை ஓட்டின. வல்கன் குண்டுவீச்சு விமானத்தில் துணை இன்ஜினாக இருந்தன. நம்மைப் போன்ற மாணவர்கள் சோதனை செய்து பார்க்கத் தொழில்நுட்பக் கல்லூரி லேப்களுக்கும் போயின. ஜாபெக்கில் ஜெட் 1-ஐ ஓட்டிய ஸ்பென்ஸர் கிங், 1970-ல் ரேஞ்ச் ரோவரை உருவாக்கினார். 1976-ல் வந்த ரோவர் எஸ்.டி.-1 காரின் இன்ஜினீயரிங்கும் அவர் தலைமையில்தான். அந்தக் காரின் உருவத்தை எடுத்துத்தான் 1985-ல் நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு 2000 கார் செய்தார்கள். ஒரு சில வருஷம்தான் ஓடியது என்றாலும், டர்பைன் குழுவில் வளர்ந்த ஒருவரின் கைவண்ணம் வண்டலூர் ரோடு வரை வந்திருக்கிறது, பாருங்கள்!

லேண்ட் ரோவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டார்ஜிலிங் பக்கம் சந்தக்ஃபூ மலைப்பாதையில் 1950களின் வண்டிகள் பல பத்து வருஷம் ஆள் ஏற்றி ஓடின. சோலிஹலில் அந்தப் பழைய வடிவத்தின் கடைசி வண்டி வெளியே வந்தது 2016 ஜனவரி 29 அன்றுதான். மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேல். அந்தக் கம்பெனியை 2008-ல் வாங்கியது நம் நாட்டு டாடா. ஜெட் 1 லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சொத்தாகிவிட்டது.

இதிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்வது? கனவு காணாதே, சோற்றுக்கு வழி பார் என்று சிலர் சொல்வார்கள். அப்படி எடுத்துக்கொண்டால் தப்பு. மாரிஸ் இரண்டையும் ஒரே ஒழுங்கோடு செய்தார். அவசரத்துக்குச் செய்தது என்று லேண்ட் ரோவரில் ஒரு போல்ட்டைக்கூட அலட்சியமாகப் போடவில்லை, அதனால்தான் நின்றது. விற்காது என்று தெரிந்த பிறகும் டர்பைனில் ஒரு கணக்கைக்கூட ஏமாற்றவில்லை, அதனால்தான் அது எங்கே தோற்றது, ஏன் தோற்றது என்று நமக்கு இன்று தெளிவாகத் தெரிகிறது. சரியாகச் செய்து தோற்ற ஒரு சோதனை, பின்னால் வருகிறவனுக்குப் போட்டுக் கொடுத்த ரோடு. எங்கே பள்ளம் என்று அவனுக்குத் தெரியும்.

நம்மில் எத்தனையோ பேருடைய ப்ராஜெக்ட் வைவா அன்று ஓடாமல் நிற்கும். வெளியில் காசு கொடுத்து ஓடுகிற ஒன்றை வாங்கி வைத்துவிடலாமா என்று மனசு சபலப்படும். வேண்டாம், நண்பர்களே. ஓடாத மெஷினைத் தைரியமாக மேஜைமேல் வையுங்கள். ஏன் ஓடவில்லை என்பதை ரெக்கார்டில் உண்மையாக எழுதுங்கள். அடுத்த பேட்ச் தம்பிகளும் தங்கைகளும் அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்.

இனிமேல் பரீட்சையில் அந்த நாலு கோட்டு கேஸ் டர்பைன் படத்தைப் போடும்போது ரீஜெனரேட்டர் பெட்டியைக் கொஞ்சம் மரியாதையோடு வரையுங்கள். அந்தச் சின்னப் பெட்டிக்காக ஒரு மனிதர் பல வருஷம் உழைத்திருக்கிறார்.

வாழ்க தொழிற்கல்வி! வளர்க நம் மாணவர் பேரவை!